லிஸ்பனில் ஒரு கஞ்சியும், உலகின் முதல் தங்கிலீஷ் புத்தகமும்

கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மக்கா. ஆபீஸ்ல ஆணி அதிகம். "ஊர் சுத்தினதை எழுதுறேன், எழுதுறேன்னு சொல்லிட்டே இருக்கே, எப்போ?"ன்னு தங்கமணி வேற தினம் ஒரு தடவை கேட்டாச்சு. அதனால 2023 நவம்பர்ல நாங்க ரெண்டு பேரும் லிஸ்பன் போன கதைக்கு இன்னிக்குக் கொசுவத்தி சுத்திடறேன். பயணக்கட்டுரைன்னு நினைச்சு உள்ள வந்தவங்க மன்னிக்கணும். பாதிக்கு மேல வரலாறுதான் இருக்கும். சாப்பாடும் உண்டு, பயப்படாதீங்க :-)

நான் திருமங்கலத்துக்காரன். தங்கமணி தூத்துக்குடி. ரெண்டு பேரும் ஒரே கம்பெனியில பொட்டி தட்டி, ஒரே பிராஜெக்ட்ல சண்டை போட்டு, வீட்டுல ரெண்டு வருஷம் மல்லுக்கட்டி கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. அப்போ ஆன்சைட்ல ஃபிராங்க்ஃபர்ட்ல இருந்தோம். அங்கிருந்து லிஸ்பனுக்கு விமானத்துல மூணு மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிளம்பி திங்கட்கிழமை ராத்திரி திரும்பறதா பிளான். மூணு நாள், மூணு ராத்திரி. முதுகுப் பையைத் தவிர வேற பெட்டி கிடையாது.

கதை ஹோட்டல் ரிசப்ஷன்லயே ஆரம்பிச்சிடுச்சு.

வரவேற்புல இருந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தாங்க, சும்மா தலையாட்டினாங்க. தங்கமணி பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அரை நிமிஷம் நிறுத்தாம போர்த்துகீசிய மொழியில பொழிஞ்சு தள்ளிட்டாங்க. தங்கமணி "ஙே"ன்னு முழிக்கிறா. விஷயம் என்னன்னா, தங்கமணி பேருக்குப் பின்னாடி அசல் போர்த்துகீசியக் குடும்பப் பேர் ஒண்ணு இருக்கு. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்கள்ல பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மச்சாடோ, மோத்தான்னு பல வீடுகள்ல இருக்குமே, அந்த மாதிரி.

"உங்க குடும்பம் எந்த ஊர்? போர்ட்டோவா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க.

"தூத்துக்குடி."

அந்த அம்மா அப்படி ஒரு ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை. சிரிச்சுக்கிட்டே அறைச் சாவியைக் கொடுத்து ஒரு வார்த்தை சொன்னாங்க. கிட்டத்தட்ட "ஷாவ்"ன்னு காதுல விழுந்துச்சு. மாடிப்படி ஏறும்போதுதான் எனக்கு மண்டையில விளக்கு எரிஞ்சது. அது நம்ம "சாவி"!

இங்க ஒரு சின்ன விஷயம் சொல்லியே ஆகணும். சாவிங்கிறது போர்த்துகீசியர்கிட்ட இருந்து நமக்கு வந்த சொல். ஆனா இன்னிக்கு லிஸ்பன்ல அதை "ஷ" போட்டுச் சொல்றாங்க. 16ம் நூற்றாண்டுல அவங்களும் "ச்ச"ன்னு அழுத்தித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, காலப்போக்குல தலைநகரத்துல அது மாறிப்போச்சு. அதாவது அவங்க தொலைச்ச பழைய உச்சரிப்பை தூத்துக்குடியிலயும் திருமங்கலத்துலயும் நாம தினமும் வீட்டைப் பூட்டும்போது சொல்லிக்கிட்டு இருக்கோம்.

அறைக்குப் போனதும் தங்கமணி கொஞ்ச நேரம் பேசாம ஜன்னல் பக்கம் நின்னா. (ஜன்னலும் அவங்க வார்த்தைதான்.) எனக்குப் புரிஞ்சது. அந்தப் பேர் எங்களுக்குள்ள ஒரு பழைய புண். கல்யாணம் ஆன புதுசுல, "பாஸ்போர்ட்ல பேரை மாத்திடலாமே"ன்னு எங்க வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு வந்தது. அவ வேண்டாம்னா. நான் ஏதோ பெரிய அறிவாளி மாதிரி, "அது வெள்ளைக்காரன் ஒட்டிவிட்ட பேருதானே, அதுல என்ன இருக்கு"ன்னு சொல்லித் தொலைச்சேன். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு கிடைச்சது, பேச்சு கிடைக்கலை. இந்த மூணு நாள் அந்த வாய்க்கொழுப்புக்குக் கிடைச்ச பதில்னு வச்சுக்கோங்க.

ஊர் முழுக்க ஒரே ஒரு தேதி

சனிக்கிழமை காலையில ஊர் சுத்தல். லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். மஞ்சள் நிற 28ம் நம்பர் டிராம்ல தொங்கிக்கிட்டே அல்ஃபாமா சந்துகளைப் பார்த்தோம். மாடியில துணி காயுது, கீழ மீன் சுடுற வாசனை. தங்கமணிக்கு ஊர் ஞாபகம் வந்து மூக்கை உறிஞ்ச ஆரம்பிச்சா. (பின்னாடிதான் தெரிஞ்சது, அது ஊர் ஞாபகம் இல்லை, ஜலதோஷம்.)

அங்கிருந்து இறங்கி ஆத்தங்கரை ஓரமா இருக்கற பெரிய சதுக்கத்துக்கு வந்தோம். பேர் பிராசா டு கொமேர்சியு, அதாவது வணிகச் சதுக்கம். ஆனா ஊர்க்காரங்க பலர் இன்னமும் "அரண்மனை முற்றம்"னுதான் அதைச் சொல்றாங்க. அரண்மனை எங்கேன்னு தேடினா இருக்காது. அது 1755 நவம்பர் 1ம் தேதியோட போச்சு.

அன்னிக்கு சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணி வாக்குல ஊரே கோயில்ல இருக்கும்போது நிலநடுக்கம். தப்பிச்சவங்க வெட்டவெளியைத் தேடி ஆத்தங்கரைக்கு ஓடினாங்க. கொஞ்ச நேரத்துல தண்ணி உள்வாங்கி, அப்புறம் சுனாமியா திரும்பி வந்தது. கோயில்கள்ல ஏத்தி வச்சிருந்த மெழுகுவர்த்திகளும் வீட்டு அடுப்புகளும் சாய்ஞ்சு பத்திக்கிட்ட தீ நாள்கணக்குல எரிஞ்சது. 2004ஐப் பார்த்த நமக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

அந்த அரண்மனையில ராஜாவோட நூலகம் இருந்தது. சுமார் 70,000 நூல்கள். ஆசியாவோட மிளகு, பட்டை, முத்து வியாபாரத்தை எல்லாம் கணக்குப் பார்த்த "இந்தியா இல்லம்"கிற அலுவலகமும் அங்கதான் இருந்தது. அத்தனையும் சாம்பல். நம்ம கடற்கரையைப் பத்தின எத்தனை காகிதம் அதுல போச்சோ!

அப்புறம் மார்க்கேஸ் டி பொம்பால்ங்கிற அமைச்சர் ஊரை வரைகோல் வச்ச மாதிரி நேர்நேரான தெருக்களா திரும்பக் கட்டினார். சுவருக்குள்ள மரச்சட்டத்தால கூண்டு மாதிரி வச்சு, நிலநடுக்கத்துல வளைஞ்சு கொடுக்கற கட்டடங்கள். மாதிரிக் கூண்டைச் சுத்தி சிப்பாய்களைத் திமுதிமுன்னு நடக்கவிட்டு அது தாங்குதான்னு பார்த்தாங்கன்னு ஒரு செய்தி உண்டு. 18ம் நூற்றாண்டுலயே லோடு டெஸ்டிங்! நாங்க எல்லாம் ரிலீசுக்கு முந்தின நாள் ராத்திரிதான் அதைப் பத்தி யோசிப்போம்.

மேட்டுல கார்மோ மடாலயம்னு ஒண்ணு இருக்கு. கூரை விழுந்த கோயிலை அப்படியே கூரையில்லாம விட்டு வச்சிருக்காங்க. கல் வளைவுகளுக்கு மேல வெறும் வானம். நாங்க போன நேரம் மழை தூறிச்சு. குடை எடுத்துட்டுப் போகாத புத்திசாலி யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

மிளகு கட்டின மடாலயம்

ஞாயிற்றுக்கிழமை பெலெம். ஊர் மையத்துல இருந்து டிராம்ல மேற்கே அரை மணி நேரம். 1497 ஜூலை 8ம் தேதி வாஸ்கோ ட காமா கப்பல் ஏறின கரை அது. மறு வருஷம் மே மாசம் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து சேர்ந்ததை ஆறாம் வகுப்புலயே மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அவர் திரும்பி வந்ததும், மானுவேல் ராஜா ஜெரோனிமோஸ் மடாலயத்தைக் கட்ட ஆரம்பிச்சார். பணம் எங்கிருந்து? கிழக்கத்திய, ஆப்பிரிக்க வியாபாரத்து மேல போட்ட வரி. ஏறத்தாழ 5 சதவீதம். அதுக்கு வழக்குல "மிளகு வரி"ன்னே பேர். கல்லுல கயிறு முறுக்கின மாதிரி, பவளம் பூத்த மாதிரி செதுக்கியிருக்காங்க. அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது. அத்தனையும் நம்ம மேற்குக் கரையில விளைஞ்ச மிளகோட காரம்னு நினைச்சுக்கிட்டேன்.

கோயிலுக்குள்ள நுழைஞ்சதும் வாஸ்கோ ட காமா கல்லறை. கைகூப்பிப் படுத்திருக்கற மாதிரி சிலை. அவர் செத்தது நம்ம கொச்சியில, 1524ல. கொச்சி, போர்ச்சுகல்ல விடிகெய்ரான்னு ரெண்டு இடம் மாறி, 1880லதான் இங்க கொண்டுவந்து வச்சாங்க.

பக்கத்துலயே 1837ல இருந்து இயங்கற பெலெம் பேஸ்ட்ரி கடை. பாஸ்டெல்னு சொல்ற முட்டைக் கஸ்டர்டு பலகாரம். அதோட கதையும் மடாலயத்தோட ஒட்டினது. மடாலயத் துணிகளுக்குக் கஞ்சி போட முட்டையோட வெள்ளைக்கருவை எடுத்துடுவாங்களாம். மிச்சம் கிடக்கற மஞ்சக்கருவை என்ன பண்றதுன்னுதான் இந்த மாதிரி இனிப்புகள் பிறந்துச்சுன்னு சொல்றாங்க. 1834ல மடாலயங்களை அரசாங்கம் மூடினதும் அந்தப் பக்குவம் கடைக்கு வந்துச்சு.

சுடச்சுட ஆறு வாங்கினோம். மேல தூவிக்கிறதுக்குப் பட்டைத்தூள் தர்றாங்க. இந்தப் பட்டைக்காகத்தான் அவங்க இலங்கையில 16ம் நூற்றாண்டுல கோட்டை கட்டிக் குந்தினாங்க. தங்கமணி ஒரு வாய் கடிச்சுட்டு ஒரு தத்துவத்தை உதிர்த்தா:

"பாத்தியா, மஞ்சக்கருவை இவங்க வச்சிக்கிட்டாங்க. வெள்ளைக்கருவை எங்க ஊருக்கு அனுப்பிட்டாங்க."

தூத்துக்குடி மக்ரூன்! வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு. அதுவும் போர்த்துகீசியர் வழி வந்த பக்குவம்னுதான் ஊர்ல சொல்வாங்க. அதுல போடற முந்திரியை பிரேசில்ல இருந்து நம்ம கரைக்குக் கொண்டுவந்தவங்களும் அவங்கதான்.

மூடின கதவு

நான் பெலெம் போக உண்மையான காரணம் பேஸ்ட்ரி இல்லை. மடாலயத்தோட நீளமான மேற்குப் பக்கக் கட்டடத்துல தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கு. தமிழ் அச்சு வரலாற்றோட முதல் புத்தகத்துக்கு இன்னிக்குத் தெரிஞ்ச பிரதி அந்த அருங்காட்சியகத்தோட சேகரிப்புலதான் இருக்கு. கண்ணாடி வழியாவாவது ஒரு தடவை பார்த்துடணும்னு ஆசை.

போய்ப் பார்த்தா கதவு மூடியிருக்கு. புதுப்பிக்கற வேலைக்காக 2022லயே மூடிட்டாங்களாம். ஊருக்குக் கிளம்பும் முன்ன நாலு பேஸ்ட்ரி கடையைப் பத்தித் தேடிப் படிச்ச நான், இதைத் தேடிப் பார்க்கலை. அவ்வ்வ்வ்...

மழை வலுத்துச்சு. வளைவுக்குக் கீழ ஒதுங்கி நின்னோம். "அப்படி என்னதான் புத்தகம் அது?"ன்னு தங்கமணி கேட்டா. மழை விடற வரைக்கும் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்றேன்.

1530கள். தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு இதெல்லாம் முத்துக்குளித்துறை. முத்துக்குளிக்கற உரிமையை வச்சு பரதவர்களுக்கும் அங்க வியாபாரத்துல ஓங்கியிருந்த முஸ்லிம் வணிகர்களுக்கும் பெரிய மோதல். பரதவர்கள் கொச்சிக்கு ஆள் அனுப்பி போர்த்துகீசியர்கிட்ட பாதுகாப்பு கேட்டாங்க. பாதுகாப்பு கிடைச்சது, கூடவே ஞானஸ்நானமும். 1536, 37 வாக்குல ஊர் ஊரா ஆயிரக்கணக்கான பேர் மதம் மாறினாங்க. மாறும்போது ஞானத்தகப்பனா நின்ன போர்த்துகீசியர் பேரும் சேர்ந்து வந்துச்சு. தங்கமணி பாஸ்போர்ட்ல இருக்கற பேரோட பூர்வீகம் இதுதான்.

ஆனா ஒரு சிக்கல். ஞானஸ்நானம் கொடுத்தவங்களுக்குத் தமிழ் தெரியாது. வாங்கினவங்களுக்கு போர்த்துகீசியம் தெரியாது. பிரான்சிஸ் சவேரியார் 1542ல அங்க வந்து சேர்ந்தப்போ பார்த்தது இதைத்தான். அவர் ரெண்டு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிஞ்சவங்களைக் கூட்டி, ஜெபங்களைத் தமிழ்ல மாத்தி, அதை அப்படியே மனப்பாடம் பண்ணிச் சொல்லிக் கொடுத்தார். இதை அவரே 1544ல எழுதின கடிதத்துல சொல்லியிருக்கார். அதாவது புது டொமைன்ல டாக்குமெண்டேஷன் எதுவுமே இல்லாம வேலை!

டாக்குமெண்டேஷன் வேணும்னு லிஸ்பன்ல முடிவு பண்ணாங்க. மூன்றாம் ஜான் ராஜாவோட உத்தரவு. தமிழ் தெரிஞ்ச ஆள் வேணுமே? இருந்தாங்க. லிஸ்பன்லயே இருந்தாங்க. மூணு தமிழர்கள். 1554 பிப்ரவரி 11ம் தேதி லிஸ்பன்ல ஜெர்மாவ் கல்யார்டேங்கிற அச்சுக்காரர் பட்டறையில இருந்து அந்தப் புத்தகம் வெளிய வந்துச்சு. தமிழ், போர்த்துகீசிய மொழிகள்ல "கார்டில்யா", அதாவது அரிச்சுவடி மாதிரியான ஜெபப் புத்தகம்.

தேதியைக் கவனிங்க. கூட்டன்பர்க் பைபிள் அச்சாகி நூறு வருஷம்தான் ஆகியிருக்கு. இந்தியாவுக்கு முதல் அச்சு இயந்திரம் கோவாவுக்கு வந்ததே 1556ல. இந்தியாவுல அச்சுப் பொறியே இல்லாத காலத்துல தமிழ் அச்சேறிடுச்சு. இந்திய மொழிகள்ல முதல்லன்னு ஆய்வாளர்கள் சொல்றது இதைத்தான்.

ஆனா அதுல ஒரு தமிழ் எழுத்துகூட கிடையாது.

தமிழுக்கு அச்சு எழுத்து யாரும் அதுவரைக்கும் வார்க்கலை. அதனால தமிழ் வாக்கியங்களை அப்படியே ரோமன் எழுத்துல அச்சடிச்சாங்க. கூடவே சொல்லுக்குச் சொல் போர்த்துகீசிய அர்த்தம். கறுப்பு, சிவப்புன்னு ரெண்டு மை. லகரம், ளகரம், ழகரம் மூணுக்கும் ரோமன்ல தனித்தனி எழுத்து ஏது? நகரம், னகரம், ணகரம்? "ர"வும் "ற"வும்? இருக்கறதை வச்சு சமாளிச்சிருக்காங்க.

"ஐயோ, இது தங்கிலீஷ்!" தங்கமணி கத்தியே விட்டா.

அதேதான். இங்க நான் ஒரு வாக்குமூலம் கொடுக்கணும். தங்கமணி கான்வென்ட்ல இந்தி எடுத்துப் படிச்சவ. தமிழ் நல்லாப் பேசுவா, எழுத்துக்கூட்டிப் படிப்பா, எழுத வராது. அவங்க அப்பாவுக்கு வாட்ஸப்ல எழுதறதெல்லாம் ஆங்கில எழுத்துல தமிழ். நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் நக்கல் அடிப்பேன். "போன்லயே தமிழ் விசைப்பலகை இருக்கு, யூனிகோடு வந்து எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் இப்படி தமிழைக் கொலை பண்றியே"ன்னு. ஸ்கூல் படிக்கும்போது அப்பாவோட பழைய நோக்கியாவுல நானும் அப்படித்தான் எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கிட்டு இருந்தேன்கிறது வசதியா மறந்து போச்சு.

அந்த மூணு பேரோட பேரை அவகிட்ட சொன்னேன். விசென்டே த நசரே. ஜோர்ஜ் கர்வால்யோ. தோமே த க்ரூஸ்.

"தமிழ்ப் பேரு?"

அவ்வளவுதான், இந்தப் பேர்கள்தான் வரலாத்துல நிக்குது. கப்பல்ல ஆறு மாசம் போல பிரயாணம் பண்ணி, நம்பிக்கை முனையைச் சுத்தி வர்ற தூரத்துல இருக்கற ஒரு ஊர். அங்க உட்கார்ந்து, அவங்க அம்மா பேசின மொழியை, அந்த மொழிக்குப் பொருந்தாத எழுத்துல, காதால கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்க பேரும் மாறிப்போச்சு, எழுத்தும் மாறிப்போச்சு. ஆனா அந்த வரிகளைச் சத்தமா வாசிச்சா நமக்குப் புரியும், ஏன்னா மொழி தமிழ்.

தங்கமணி மழையைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "இப்ப அவங்க பேரு வெள்ளைக்காரப் பேருன்னு சொல்லி, அவங்க தமிழ் இல்லைன்னு சொல்லிடுவியா நீ?"

அடிச்சுது பாருங்க செவுள்ல ஒண்ணு. "மன்னிச்சுக்கோ"ன்னு ரெண்டு வருஷம் லேட்டா சொன்னேன். "பேரைக் கொடுத்தவன் கப்பல் ஏறிப் போயிட்டான். எங்க தாத்தா, அவங்க தாத்தான்னு வச்சுக் காப்பாத்துனது நாங்க. அது எங்க பேரு"ன்னு சொல்லிட்டு, பையில மிச்சம் இருந்த ஒரு பேஸ்ட்ரியை எனக்குக் கொடுக்காமயே சாப்பிட்டா. சமாதானம் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

கஞ்சி

மழையில நின்னதுக்குக் கூலி அன்னிக்கு ராத்திரி வந்துச்சு. தங்கமணிக்கு நல்ல காய்ச்சல். திங்கட்கிழமை மத்தியானம் ஹோட்டல் பக்கத்துல நாலே மேசை போட்ட சின்னச் சாப்பாட்டுக் கடைக்கு மெதுவா கூட்டிட்டுப் போனேன். எனக்கு பக்கல்யாவ். நார்வே பக்கத்துக் கடல்ல பிடிக்கற காட் மீனை உப்புப் போட்டுக் காய வச்சு, ஊற வச்சு, பிச்சுப் போட்டு, வெங்காயம், மெல்லிசா பொரிச்ச உருளைக்கிழங்கு, முட்டையோட கிளறித் தர்றாங்க. முந்தின நாளே தங்கமணி ருசி பார்த்துட்டு, "இதுக்கா இவ்வளவு பில்டப்பு? எங்க வீட்டுச் சீலா கருவாடு"ன்னு தீர்ப்பு சொல்லியாச்சு.

காய்ச்சல்காரிக்கு என்ன கொடுக்கறதுன்னு தெரியாம, கடைக்கார அம்மாகிட்ட நெத்தியைத் தொட்டுக் காட்டினேன். அந்தம்மா "கான்ஜா, கான்ஜா"ன்னு சொல்லிட்டு உள்ள போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வச்சாங்க. கோழி வேகவச்ச தண்ணி, அதுல குழைஞ்ச அரிசி, மேல ஆவி. தங்கமணி ஒரு ஸ்பூன் குடிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. "கஞ்சிடா"ன்னா.

உண்மையிலேயே கஞ்சிதான். பேரும் அதுதான். நம்ம கரைகள்ல இருந்து அவங்க எடுத்துட்டுப் போன சொல். கார்சியா த ஓர்டான்னு கோவாவுல இருந்த போர்த்துகீசிய மருத்துவர் 1563ல அச்சிட்ட மூலிகை நூல்லயே கஞ்சி வருது. அரிசி வடிச்ச தண்ணியில மிளகும் சீரகமும் போட்டு நோயாளிக்குக் கொடுக்கறதைப் பத்தி எழுதியிருக்கார். அங்கிருந்து கப்பல் ஏறி போர்ச்சுகல் போய், மிளகு சீரகம் போய், கோழி வந்து சேர்ந்திருக்கு. ஆனா காய்ச்சல் வந்தா அம்மா கொடுக்கறதுங்கிற வேலை மட்டும் மாறலை. அவங்க பேச்சு வழக்குல ரொம்பச் சுலபமான வேலையை "அது கஞ்சி"ன்னு சொல்வாங்களாம். நாம "அல்வா சாப்பிடற மாதிரி"ன்னு சொல்ற இடத்துல!

மாங்காய் அங்க போய் "மாங்கா" ஆச்சு. கட்டுமரம் "கட்டமராங்" ஆச்சு. பதிலுக்கு அவங்க மேசை, அலமாரி, வராந்தா, பீப்பாய், ஏலம், பாதிரி, அன்னாசி, கொய்யான்னு கொட்டிட்டுப் போனாங்க. மிளகைத் தேடி வந்தவங்க கொண்டுவந்த மிளகாய், மிளகையே அடுப்படி ஓரத்துக்குத் தள்ளிடுச்சு. இந்த வியாபாரத்துல பீரங்கியும், பறிச்ச கப்பல்களும், எரிச்ச ஊர்களும் உண்டு, அதை மறக்கச் சொல்லலை. ஆனா அந்தக் கணக்குப் புத்தகத்தோட இன்னொரு பக்கத்துல ஒரு கிண்ணம் கஞ்சியும் இருக்கு.

அப்புறம் என்ன ஆச்சு

தமிழ் ரோமன் எழுத்துலயே நின்னுடலை. அன்றிக்கே அடிகளார்னு நம்ம ஆட்கள் கூப்பிட்ட ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் 1546ல இந்தியா வந்து, முத்துக்குளித்துறையிலயே வாழ்நாள் முழுக்க இருந்து, தமிழைப் பேச, எழுதக் கத்துக்கிட்டார். அவர் எழுதின தமிழ் இலக்கணத்தோட கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்துல இருக்கு. 1577ல கோவாவுல தமிழ் அச்செழுத்து வார்த்தாங்க. சரியா வரலை. 1578ல கொல்லத்துல திரும்ப வார்த்தாங்க. பதிப்பு 1.0, பதிப்பு 2.0! அந்த வருஷம் அக்டோபர் 20ம் தேதி கொல்லத்துல "தம்பிரான் வணக்கம்" அச்சாச்சு. 16 பக்கம். தமிழ் எழுத்துல அச்சான முதல் நூல், இந்தியாவுல இந்திய எழுத்துல அச்சான முதல் நூலும் அதுதான். ஓலைச்சுவடி வழக்கப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. அதோட பிரதி இன்னிக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துல இருக்கு. அச்சு வேலைக்கு முத்துக்குளித்துறை மக்களே பணம் போட்டுக் கொடுத்தாங்க. முத்தெடுத்த காசுல நமக்கு எழுத்து வந்துச்சு. 1586ல புன்னைக்காயல்ல "அடியார் வரலாறு"ன்னு பெரிய நூலே வந்துடுச்சு.

இந்தப் பழைய அச்சு நூல்களைப் பத்தி 20ம் நூற்றாண்டுல உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்கள்ல முக்கியமானவர் தனிநாயகம் அடிகள். ஐரோப்பிய நூலகங்களைத் தேடித்தேடி அலசினவர். 1679ல அச்சான ப்ரொயென்சா பாதிரியாரோட தமிழ் - போர்த்துகீசிய அகராதியை அவர்தான் 1966ல கோலாலம்பூர்ல மறுபதிப்பா கொண்டுவந்தார். நான் ஒரு கதவு மூடியிருந்ததுக்கே புலம்புறேன்.

1554க்கும் 1578க்கும் நடுவுல 24 வருஷம். இந்த 24 வருஷம் இல்லாம "தம்பிரான் வணக்கம்" வந்திருக்குமான்னு யோசிச்சுப் பார்க்கறேன். கம்ப்யூட்டர்லயும் இதே கதைதானே? முதல்ல ஆங்கில எழுத்துல தமிழ் மடல்கள். அப்புறம் ஆளுக்கொரு எழுத்துரு, ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்குக் கட்டம் கட்டமாத் தெரியும். திஸ்கி, அப்புறம்தான் யூனிகோடு. கையில சரியான எழுத்து இல்லாதப்போ கிடைச்ச எழுத்துல எழுதினவங்க தமிழைக் கொலை பண்ணலை, எழுத்து வர்ற வரைக்கும் மூச்சை நிக்கவிடாம பார்த்துக்கிட்டாங்க. எழுத்து கிடைச்சப்புறமும் நாம சோம்பேறித்தனமா ரோமன்லயே எழுதறது வேற விஷயம், அதுல என் கருத்து மாறலை. ஆனா நக்கல் அடிக்கறதை நிறுத்திட்டேன். கத்துக் கொடுக்க ஆரம்பிச்சிருக்கேன். இப்போ "ழ"வுல இருக்கோம்.

அன்னிக்கு ராத்திரி விமானத்துக்குக் காத்திருக்கும்போது தூத்துக்குடியில இருந்து மாமா போன் பண்ணினார். காய்ச்சலை விசாரிச்சுட்டு, "மாப்ள, அங்கன நம்ம பேருக்காரங்க யாரையும் பாத்தியளா?"ன்னு கேட்டார்.

"பார்த்தோம் மாமா. மூணு பேர். 1554ல இருந்து அங்கதான் இருக்காங்க"ன்னேன்.

டிஸ்கி 1: நவம்பர்ல லிஸ்பன் போறவங்க குடை எடுத்துட்டுப் போங்க. அருங்காட்சியகம் திறந்திருக்கான்னு பார்த்துட்டுப் போங்க. இது அனுபவசாலியோட அறிவுரை.

டிஸ்கி 2: இதைத் தங்கமணி எழுத்துக்கூட்டி முழுசாப் படிச்சுட்டாங்க. ரெண்டு எழுத்துப்பிழை கண்டுபிடிச்சுக் கொடுத்தாங்க. ரெண்டும் "ழ" :-)